எண் எதை எண்ணுகிறது? சீரியல் இசையின் லயத்துக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

சீரியல் இசை என்றால் டி.வி. தொடர்களின் இசை அல்ல; ஸ்வரங்களையும் பின்னாளில் லயத்தையும் எண் வரிசைப்படி அடுக்கி எழுதிய இருபதாம் நூற்றாண்டு மேற்கத்திய இசை. அதை முதல் தடவை கேட்கிறவர்களின் காலைக் கவனித்திருக்கிறேன். தானாகத் தாளம் போட ஆரம்பிக்கும். ஐந்தாறு விநாடியில் நின்றுவிடும். பிடித்துக்கொள்ள ஓர் அடி கிடைக்காது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் பியேர் பூலேஸின் இரட்டைப் பியானோ இசையைக் கேட்டுவிட்டு, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக வாசிக்கிறார்கள் என்று நினைத்து மூடி வைத்துவிட்டேன். பல மாதம் கழித்து, அதன் எண்களைக் கணக்கு நோட்டில் கட்டம் கட்டமாகக் குறித்துப் பார்த்த ஒரு மாலையில்தான் அது எனக்குத் திறந்தது. அதனால் இந்த வழிகாட்டியும் பென்சிலோடுதான் தொடங்குகிறது.

தேவையானவை: கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், செல்போனில் ஒரு மெட்ரோனோம் (சீரான வேகத்தில் டிக் டிக் என்று அடிக்கும்) செயலி, ஒரு நல்ல ஹெட்போன். மேற்கத்திய இசைக்குறிப்பு படிக்கத் தெரிய வேண்டும் என்பதில்லை. பன்னிரண்டு வரை எண்ணத் தெரிந்தால் போதும்.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் கடைசி வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். சீரியல் இசையமைப்பாளர்கள் எல்லோரும் எண்களை வரிசையாக அடுக்கினார்கள். ஆனால் அந்த எண் எதை எண்ணுகிறது? ஒரு ஸ்வரம் நீடிக்கும் நேரத்தையா, ஒரு கூட்டத்தில் எத்தனை ஸ்வரங்கள் என்பதையா, ஸ்வரம் விழும் இடத்தையா, வேகத்தையா? ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொன்னார்கள். அந்தப் பதிலைக் கண்டுபிடித்தால் அந்தப் படைப்பின் லயம் பிடிபடும்.

முதல் படி: வரிசை என்றால் என்ன

சீரியல் என்ற சொல்லுக்கு இங்கே 'வரிசைப்படுத்தப்பட்ட' என்று பொருள். பியானோவில் ஒரு ஸ்தாயிக்குள் வெள்ளையும் கறுப்புமாகப் பன்னிரண்டு கட்டைகள். அந்தப் பன்னிரண்டு ஸ்வரங்களையும் ஏதாவது ஓர் ஒழுங்கில், எதையும் விடாமல், எதையும் இரண்டு முறை சொல்லாமல் அடுக்கினால் அது ஒரு வரிசை. வியன்னாவின் இசையமைப்பாளர் ஆர்னால்ட் ஷோன்பெர்க் 1920களின் தொடக்கத்தில் இதை ஒரு முறையாக வகுத்தார்.

ஒரு வரிசையை நான்கு விதமாகச் சொல்லலாம். எழுதியபடியே சொல்வது மூலம். கடைசியிலிருந்து முதலுக்கு வருவது பின்னோக்கு. மேலே ஏறிய இடங்களில் அதே அளவு கீழே இறங்கி, இறங்கிய இடங்களில் ஏறுவது கவிழ்ப்பு. கவிழ்த்ததைக் கடைசியிலிருந்து சொல்வது பின்னோக்குக் கவிழ்ப்பு. இந்த நான்கையும் பன்னிரண்டு ஸ்வரங்களில் எதிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம் என்பதால் மொத்தம் 48 வடிவங்கள் கிடைக்கும். இந்த நான்கு பெயர்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். மறுபடி மறுபடி வரும்.

இரண்டாம் படி: லயம் இன்னும் வரிசைக்குள் வராத காலம்

புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி செய்யும் பிழை, பன்னிரண்டு ஸ்வர வரிசை இருந்தாலே லயமும் வரிசைப்படிதான் இருக்கும் என்று எண்ணிக்கொள்வது. அப்படி இல்லை. ஷோன்பெர்க்கின் பியானோ சூட் (சிறு பகுதிகளின் தொகுப்பு), ஓபஸ் 25 (அதாவது படைப்பு எண் 25; 1921–23), முழுவதும் ஒரே வரிசையிலிருந்து பிறந்தது. ஆனால் அதன் பகுதிகளின் பெயர்களைப் பாருங்கள்: கவோட், முசெட், மினுவெட், ஜீக். எல்லாம் பழைய ஐரோப்பிய நடனங்கள். ஸ்வரம் புதிது, நடை பழையது. இங்கே எண் ஸ்வரங்களை மட்டுமே எண்ணுகிறது. காலால் தாளம் போட முயன்றால் பல இடங்களில் அது நிற்காமல் ஓடும். அந்த மினுவெட்டை ஒருமுறை கேட்டுவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

மூன்றாம் படி: வெபர்னின் நான்கு வேகங்கள்

ஷோன்பெர்க்கின் மாணவர் ஆன்டன் வெபர்ன் எழுதிய கான்செர்ட்டோ, ஓபஸ் 24 (1934), ஒன்பது வாத்தியங்களுக்கானது. அதன் தொடக்கத்தைப் பத்து முறையாவது திரும்பத் திரும்பக் கேளுங்கள். சில விநாடிதான் ஓடும்.

முதலில் ஓபோ மூன்று ஸ்வரம். உடனே ஃபுளூட் மூன்று. அப்புறம் டிரம்பெட் மூன்று, பிறகு கிளாரினெட் மூன்று. மொத்தம் பன்னிரண்டு, அதாவது வரிசை ஒரு சுற்று முடிந்தது. இப்போது வேகத்தைக் கவனியுங்கள். நான்கு வாத்தியங்களும் நான்கு வேகத்தில் சொல்கின்றன. ஒரு பீட்டைப் பன்னிரண்டு கட்டமாகப் பிரித்துக்கொண்டால், ஓபோவின் ஒவ்வொரு ஸ்வரமும் 3 கட்டம். ஃபுளூட்டுக்கு 6, டிரம்பெட்டுக்கு 4, கிளாரினெட்டுக்கு 8. மூன்று ஆறாகிறது, நான்கு எட்டாகிறது. வேகமாக ஒன்று, அதில் பாதி வேகத்தில் ஒன்று என இரண்டு ஜோடி.

வெபர்ன் கால அளவுகளை வரிசையாக்கிவிட்டார் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் ஸ்வரங்களில் உள்ள ஒழுங்குக்குப் பதில் சொல்லும் ஓர் ஒழுங்கை லயத்திலும் வைத்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இளைஞர்கள் வெபர்னை அவ்வளவு ஆசையோடு படித்தது இந்த மாதிரி இடங்களுக்காகத்தான்.

நான்காம் படி: மெசியானின் அட்டவணை

1949-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கோடைகால இசைப் பயிற்சிக்குப் போயிருந்தபோது ஒரு சிறிய பியானோப் படைப்பில் வேலை செய்தார். கால அளவுக்கும் ஒலியின் உரப்புக்கும் ஆன 'மோட்' (தேர்ந்தெடுத்த தொகுதி) என்பது அதன் தலைப்பின் பொருள். அதற்காக அவர் 36 ஸ்வரங்கள், 24 கால அளவுகள், விரல் கட்டையில் விழும் விதம் 12, உரப்பு 7 என்று அட்டவணை போட்டார். முக்கியமானது என்னவென்றால், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இவை நிரந்தரமாக ஒட்டப்பட்டவை. குறிப்பிட்ட ஒரு ஸ்வரம் வந்தால் அது எப்போதும் அதே நீளம், அதே உரப்பு, அதே தொடுகை. ஊரில் சிலரை நடையை வைத்தே தூரத்திலிருந்து அடையாளம் கண்டுகொள்வோமே, அதுபோல இங்கே ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு நடை உண்டு.

36 ஸ்வரத்துக்கு ஏன் 24 கால அளவு? இதைக் கணக்கு நோட்டில் போட்டுப் பாருங்கள், அழகாக இருக்கும். ஸ்வரங்கள் மூன்று பிரிவு, பிரிவுக்குப் பன்னிரண்டு. கீபோர்டு வகுப்பில் தர்ட்டி செகண்ட் நோட் என்று சொல்வார்களே, பீட்டில் எட்டில் ஒரு பங்கு, அதை ஒரு கட்டமாக வைத்துக்கொள்வோம். முதல் பிரிவுக்கு 1, 2, 3 என்று 12 கட்டம் வரை. இரண்டாம் பிரிவுக்கு அதன் இரு மடங்கு: 2, 4, 6 என்று 24 வரை. மூன்றாவதற்கு நான்கு மடங்கு: 4, 8, 12 என்று 48 வரை. திரும்ப வருகிற எண்களை அடித்துவிட்டு எண்ணினால் சரியாக 24 மிஞ்சும்.

கேட்கும்போது ஒன்று எளிதாகத் தெரியும். உயரத்தில் ஒலிப்பவை துளித்துளியாக வருகின்றன. அடியில் உள்ள ஸ்வரங்கள் நீண்டு கிடக்கின்றன. பிரிவுகளில் மேலிருந்து கீழே இறங்க இறங்க அளவு கூடிக்கொண்டே போவதுதான் காரணம்.

மெசியானின் இந்தப் படைப்பைக் கண்டிப்பாகச் சொன்னால் சீரியல் இசை என்று அழைக்க முடியாது. ஸ்வரங்கள் குறிப்பிட்ட ஒழுங்கில் வந்தாக வேண்டும் என்று அவர் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அடுத்து வந்தவர்களுக்குக் கதவு இதுதான்.

நம் பக்கத்து வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி. கால அளவுகளைத் தனியாக எடுத்து, ஸ்வரத்திலிருந்து பிரித்துச் சிந்திக்கும் பழக்கம் மெசியானுக்கு வந்த வழிகளில் ஒன்று இந்தியா. 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய 'சங்கீத ரத்னாகர'த்தில் உள்ள 120 தேசி தாளங்களின் பட்டியலை, பாரிஸில் வெளியான லாவிஞாக் இசைக் கலைக்களஞ்சியத்தில் அவர் பார்த்தார். ராகவர்தன, சந்திரகலா, லக்ஷ்மீச ஆகிய மூன்றையும் கோத்து, 1941-இல் போர்க்கைதி முகாமில் முதன்முதலாக வாசிக்கப்பட்ட தன் நால்வர் இசையின் தொடக்கப் பகுதியில் பயன்படுத்தினார். அதை அவர் ஆவர்த்தனமாகக் கையில் போட்டு வைக்கவில்லை. எண்களின் வரிசையாகவே எடுத்துக்கொண்டார். நம் தாளம் அங்கே தாளமாக அல்லாமல் எண்தொடராகப் போய்ச் சேர்ந்தது.

ஐந்தாம் படி: பூலேஸோடு பென்சில் பிடிப்பது

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். அவசரப்படாமல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மெசியானிடம் படித்த பூலேஸ் 1951-இல் இரண்டு பியானோக்களுக்காக 'ஸ்ட்ரக்சர்ஸ்' என்ற தொகுப்பைத் தொடங்கினார். அதன் முதல் பகுதியை '1ஏ' என்று குறிப்பிடுவார்கள். 1952-இல் பாரிஸில் பூலேஸும் மெசியானுமே அதை வாசித்தார்கள். ஆசிரியருக்கு ஒரு வணக்கம் போல, மெசியான் அட்டவணையின் முதல் பிரிவில் உள்ள பன்னிரண்டு ஸ்வரங்களையே பூலேஸ் தன் வரிசையாக எடுத்துக்கொண்டார். அதை எழுதிக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றின் கீழும் 1 முதல் 12 வரை எண் போடுங்கள் (ஸ்வரங்களின் மேற்கத்திய பெயர்கள் ஏ முதல் ஜி வரை; ஃபிளாட் என்றால் அதற்கு அரை ஸ்வரம் கீழே, ஷார்ப் என்றால் அரை ஸ்வரம் மேலே):

ஈ ஃபிளாட் 1, டி 2, ஏ 3, ஏ ஃபிளாட் 4, ஜி 5, எஃப் ஷார்ப் 6, ஈ 7, சி ஷார்ப் 8, சி 9, பி ஃபிளாட் 10, எஃப் 11, பி 12.

இந்த எண் இனி அந்த ஸ்வரத்தின் நிரந்தரப் பெயர். இப்போது வரிசை முழுவதையும் அரை ஸ்வரம் கீழே இறக்குங்கள். டி, சி ஷார்ப், ஏ ஃபிளாட், ஜி, எஃப் ஷார்ப், எஃப், ஈ ஃபிளாட், சி, பி, ஏ, ஈ, பி ஃபிளாட் என்று வரும். ஒவ்வொன்றுக்கும் பழைய எண்ணையே போட்டால்:

2, 8, 4, 5, 6, 11, 1, 9, 12, 3, 7, 10.

இப்படி ஒவ்வொரு ஸ்வரத்திலிருந்தும் தொடங்கினால் பன்னிரண்டு வரி எண்கள் கிடைக்கும். கவிழ்ப்புக்கும் இதேபோல் பன்னிரண்டு வரி. இரண்டு சதுர அட்டவணை தயார். பூலேஸ் செய்த துணிச்சல் அடுத்து வருகிறது: இந்த எண்களையே கால அளவாகவும் எடுத்துக்கொண்டார். 2 என்றால் இரண்டு கட்டம், 8 என்றால் எட்டு, 11 என்றால் பதினொன்று. நம் கேள்விக்கு அவர் பதில்: எண் ஒரு ஸ்வரம் நீடிக்கும் நேரத்தை எண்ணுகிறது.

தொடக்கத்தை மட்டும் நம் கையால் வரைந்து பார்ப்போம். நோட்டைக் குறுக்காகத் திருப்பிக்கொண்டு, 78 கட்டம் நீளத்துக்கு இரண்டு வரி ஒதுக்குங்கள். 1 முதல் 12 வரை கூட்டினால் 78 என்பதால்தான் இந்த நீளம். ஒரு வரிசை எந்த ஒழுங்கில் வந்தாலும் மொத்தம் 78 கட்டத்தில் முடியும்.

மேல் வரி முதல் பியானோ. அது மூல வரிசையின் ஸ்வரங்களை வாசிக்கிறது. ஆனால் கால அளவை வேறொரு வடிவத்திலிருந்து, ஒரு பின்னோக்குக் கவிழ்ப்பிலிருந்து, கடன் வாங்குகிறது:

12, 11, 9, 10, 3, 6, 7, 1, 2, 8, 4, 5.

கீழ் வரி இரண்டாம் பியானோ. ஸ்வரங்கள் கவிழ்ப்பிலிருந்து, கால அளவு ஒரு பின்னோக்கிலிருந்து:

5, 8, 6, 4, 3, 9, 2, 1, 7, 11, 10, 12.

ஒவ்வொரு ஸ்வரமும் தொடங்கும் கட்டத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மேல் வரியில் முதல் ஸ்வரம் தொடக்கத்திலேயே, அடுத்தது 12 கட்டம் கழித்து, பிறகு 23, 32, 42, 45, 51, 58, 59, 61, 69, 73 கட்டங்கள் கழித்து விழும். கீழ் வரியில் தொடக்கம், பிறகு 5, 13, 19, 23, 26, 35, 37, 38, 45, 56, 66.

இரண்டு வரியையும் ஒன்றாகப் பாருங்கள். எங்கே புள்ளிகள் நேருக்கு நேர் வருகின்றன? தொடக்கத்தில், 23-இல், 45-இல். மூன்றே இடம். தொடக்கத்தில் இரண்டு பேரும் ஈ ஃபிளாட். 23-இல் ஒருவர் ஏ, மற்றவர் பி. 45-இல் எஃப் ஷார்ப்பும் ஜி ஷார்ப்பும் (ஏ ஃபிளாட்டின் இன்னொரு பெயர்). மற்ற எல்லா நேரத்திலும் ஒருவர் விட்ட இடைவெளியில் இன்னொருவர் விழுகிறார்.

நான் சொன்ன அந்த மாலையில் கண்டது இதுதான். ஆளுக்கொரு பக்கம் வாசிக்கிறார்கள் என்று நான் நினைத்தவர்கள் ஒரே துணியின் இரண்டு இழைகள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பதிவை மறுபடி போட்டேன். அந்த 23-ஆவது கட்டத்தில் இரண்டு பியானோவும் சேர்ந்து இறங்கியபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பிறகு இசை போகப் போக இழைகள் கூடும், குறையும். ஒரே நேரத்தில் ஆறு இழை வரை ஓடும். அப்போதும் எல்லாம் 78 கட்டத்தில் ஒன்றாக முடியும். ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைக் காதால் பிடிக்கப் பாருங்கள். இழைகளின் நெருக்கம் சட்டென்று மாறுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு எண்ணையும் காதால் எண்ண வேண்டியதில்லை. எவராலும் முடியாது. நெருக்கத்தைக் கேட்டால் போதும். ஒரு எச்சரிக்கையும் உண்டு: இசைக்குறிப்பில் இருக்கும் பார் கோடுகள், அதாவது இசையைச் சிறு அளவுகளாக (பார்களாக)ப் பிரிக்கும் செங்குத்துக் கோடுகள், வாசிக்கிறவர் தடம் தவறாமல் இருப்பதற்காக. அங்கே சமம் இருக்கும் என்று தாளம் தெரிந்தவர்கள் தேடுவார்கள். அப்படி எதுவும் இல்லை.

பூலேஸ் இதற்கு முதலில் யோசித்த தலைப்பு, ஓவியர் பால் கிலேயின் படமொன்றின் பெயர்: 'வளமான நிலத்தின் எல்லையில்'. இதற்கு அப்பால் பயிர் முளைக்காது என்று தெரிந்தே, அந்த எல்லைக் கல் வரைக்கும் ஒருமுறை நடந்து பார்த்திருக்கிறார். அவருடைய மற்றப் படைப்புகளில் இவ்வளவு இறுக்கமான தானியங்கி ஒழுங்கு கிடையாது. 1958-இல் இசையமைப்பாளர் கியோர்கி லிகெட்டி இந்தப் பகுதியை எண் எண்ணாகப் பிரித்து எழுதிய ஆய்வைத்தான் இன்றுவரை எல்லோரும் பின்பற்றுகிறார்கள். மேலே நான் சொன்னதும் அந்த வழியில்தான்.

ஆறாம் படி: காது எழுப்பும் ஆட்சேபம்

மெட்ரோனோமை எடுத்து ஒரு சோதனை செய்யுங்கள். அதைச் சீராக ஓடவிட்டு, முதலில் 1 கட்ட இடைவெளியிலும் அப்புறம் 2 கட்ட இடைவெளியிலும் கை தட்டுங்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரியும், இரண்டு மடங்கு. இப்போது 11, பிறகு 12. எண்ணாமல் சொல்லுங்கள், எது நீளம்? என்னால் சொல்ல முடியவில்லை.

ஸ்வரங்களில் இந்தச் சிக்கல் இல்லை. பியானோவில் எந்த அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவிலும் காதுக்கு ஒரே அளவு தூரம்தான். ஆனால் 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டே போகும் கால அளவில் முதல் படி மலையாகவும் கடைசிப் படி மணலாகவும் இருக்கிறது. பன்னிரண்டையும் சமமாக நடத்த வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களுக்கு இது பெரிய இடறல். இன்னொன்றும் உண்டு. வரிசையை வேறு ஸ்வரத்திலிருந்து தொடங்கினால் மெட்டின் முகம் மாறாது. ஒரு பாட்டைச் சுருதி மாற்றிப் பாடினாலும் அதே பாட்டுத்தானே. ஆனால் பூலேஸ் முறையில் 1, 2, 3, 4 என்பது 2, 8, 4, 5 ஆகிவிடுகிறது. லயத்தின் முகமே போய்விடுகிறது.

இனி வருகிற மூன்று பேரும் இந்த ஆட்சேபங்களுக்குப் பதில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் பூலேஸுக்குப் பின்னால் வந்தவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். முதலாமவர் நான்கு ஆண்டு முந்தியவர்.

ஏழாம் படி: பாபிட்டின் 5, 1, 4, 2

அமெரிக்காவின் மில்டன் பாபிட் கணிதமும் கற்பித்தவர். 1947-இல் 'பியானோவுக்கு மூன்று படைப்புகள்' எழுதினார். மெசியானின் அட்டவணைக்கும் இரண்டு ஆண்டு முன்பு. அதன் முதல் படைப்பில் லயத்துக்கு நான்கே எண்: 5, 1, 4, 2. கூட்டினால் 12.

இங்கே எண் நேரத்தை எண்ணவில்லை. தொடர்ந்து வரும் ஸ்வரங்களின் கூட்டத்தை எண்ணுகிறது. ஐந்து ஸ்வரம் ஓடும், கொஞ்சம் நிற்கும். ஒரு ஸ்வரம், நிற்கும். நான்கு ஓடும், நிற்கும். இரண்டு, நிற்கும். கடைசி ஸ்வரத்தை நீட்டியோ பின்னால் மௌனம் விட்டோ அந்த நிறுத்தத்தைச் செய்வார். இதை மேசையில் விரலால் தட்டிப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் விரலுக்கு வந்துவிடும். பின்னோக்கு: 2, 4, 1, 5. கவிழ்ப்புக்கு அவர் செய்த வழி எனக்கு மிகவும் பிடித்தது: ஒவ்வொரு எண்ணையும் 6-லிருந்து கழிக்கிறார். 5 போய் 1, 1 போய் 5, 4 போய் 2, 2 போய் 4. ஆக 1, 5, 2, 4. அதைப் பின்னோக்கினால் 4, 2, 5, 1. எந்த வடிவமும் அதே நான்கு எண்களைத் தாண்டுவதில்லை. ஸ்வர வரிசை கவிழும்போது லயமும் கவிழும், பின்னோக்கும்போது இதுவும் பின்னோக்கும். சீரியல் லயத்தைக் காதால் பிடிக்க முதல் பயிற்சியாக எதை எடுப்பது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

1962-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இன்னும் ஒரு படி போனார். பன்னிரண்டு கட்டம் கொண்ட ஒரு பாரை எடுத்து, கட்டங்களுக்கு 0 முதல் 11 வரை பெயர் வைத்தார். வரிசையில் உள்ள எண், ஸ்வரம் விழ வேண்டிய கட்டத்தைச் சொல்லும். எவ்வளவு நீளம் என்பதல்ல, எங்கே என்பது. 0, 8, 3 என்ற மூன்று எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஸ்வரம் பாரின் தொடக்கத்தில், அடுத்தது அதே பாரில் 8-இல். 3 என்பது 8-க்குப் பின்னால் போய்விட்டதால் அடுத்த பாரில் 3-இல். இடைவெளிகள் 8, 7. இப்போது மூன்றோடும் 2 கூட்டுங்கள்: 2, 10, 5. இடைவெளி? மறுபடியும் 8, 7. லயம் அப்படியே இருக்கிறது, பாருக்குள் இரண்டு கட்டம் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். சுருதி மாற்றிப் பாடினாலும் பாட்டு அதே பாட்டு என்று சொன்னேன் இல்லையா, அது லயத்துக்கும் இப்போது பொருந்துகிறது. இந்த இடத்தைப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

எட்டாம் படி: நோனோவும் ஸ்டாக்ஹவுஸனும்

இத்தாலியின் லூயிஜி நோனோ 11-க்கும் 12-க்கும் உள்ள சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தார். 'இல் காண்டோ சொஸ்பேசோ' 1956-இல் கொலோன் நகரில் அரங்கேறியது. பாசிசத்தை எதிர்த்துப் போராடி மரண தண்டனை பெற்றவர்களின் கடைசிக் கடிதங்களிலிருந்து எடுத்த வரிகளைப் பாடும் இசை. அதன் இரண்டாம் பகுதியில், வாத்தியம் இல்லாமல் குரல்கள் மட்டும் பாடும் இடத்தில், கால அளவு வரிசை இது:

1, 2, 3, 5, 8, 13, 13, 8, 5, 3, 2, 1.

முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபனாச்சி எண்கள். ஒவ்வொரு எண்ணும் தனக்கு முந்தைய சிறிய எண்ணைப் போல ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ இருப்பதால் காது எந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. 5 வேறு, 8 வேறு என்று தெளிவாகத் தெரிகிறது. வெவ்வேறு அடிப்படைக் கட்டங்களில் ஓடும் நான்கு அடுக்குகளின் மேல் இந்த எண்கள் விழுவதால், ஒரு குரல் தொடங்கும்போது இன்னொன்று நடுவில் இருக்கும், மற்றொன்று முடிந்துகொண்டிருக்கும். அந்தச் சொற்களை எழுதியவர்களை நினைத்துக்கொண்டு கேளுங்கள். எண் வந்தால் உணர்ச்சி போய்விடும் என்று சொல்கிறவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான்.

ஜெர்மனியின் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுஸன் 1957-இல் எழுதிய நீண்ட கட்டுரையில், கால அளவையும் ஸ்வரத்தைப் போலவே மடங்கால் அளக்க வேண்டும் என்றார். பியானோவின் அடுத்தடுத்த கட்டைகளின் அதிர்வெண் ஏறக்குறைய 1.06 மடங்கு கூடிக்கொண்டே போய்ப் பன்னிரண்டாவது படியில் இரட்டிக்கிறது. அவர் இதே ஏணியை வேகத்துக்குப் போட்டார்: நிமிடத்துக்கு 60 பீட், பிறகு 63.5, 67, 71 என்று ஏறிக் கடைசியில் 120. மெட்ரோனோமில் இந்த எண்களை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு படியும் காதுக்கு ஒரே அளவு ஏற்றமாகத் தோன்றும்.

இந்த வேகங்களை வைத்து அவர் எழுதியது 'குருப்பன்'. மூன்று ஆர்கெஸ்ட்ராக்கள், 109 கலைஞர்கள், குதிரைலாட வடிவில் சபையைச் சூழ்ந்த மேடைகள். ஒரே நேரத்தில் மூன்றும் வெவ்வேறு வேகத்தில் ஓடும் என்பதால் கையசைத்து இசைக்குழுவை நடத்தும் கண்டக்டர்கள் மூன்று பேர் வேண்டும். 1958 மார்ச் 24 அன்று கொலோனில் ஸ்டாக்ஹவுஸன், பூலேஸ், புரூனோ மடேர்னா மூவரும் நடத்தினார்கள். ஹெட்போனில் கேட்பது இதற்கு மட்டும் போதாது. ஒரு அறையில் ஸ்பீக்கர்களை நன்றாகத் தள்ளிவைத்துக் கேட்டால் வேகங்கள் ஒன்றையொன்று கடந்து போவது தெரியும்.

கடைசிப் படி: நீங்களே ஒன்று செய்யுங்கள்

பன்னிரண்டு வேண்டாம், ஆறு போதும். ஒரு வரிசை தருகிறேன்: 3, 1, 6, 2, 5, 4. கூட்டினால் 21. நோட்டில் 21 கட்டத்துக்கு இரண்டு வரி போட்டு, மேலே இதையும் கீழே இதன் பின்னோக்கையும், அதாவது 4, 5, 2, 6, 1, 3, புள்ளி வையுங்கள். மேல் வரி: தொடக்கம், 3, 4, 10, 12, 17. கீழ் வரி: தொடக்கம், 4, 9, 11, 17, 18.

வீட்டில் இன்னொருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 120 வைத்து, ஒரு டிக் ஒரு கட்டம் என்று, நீங்கள் மேல் வரியைக் கையால் தட்டுங்கள், அவர் கீழ் வரியை மேசையில் தட்டட்டும். முதல் இரண்டு மூன்று முறை தவறும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே தட்டினால் பிடிபடும். தொடங்கிய பிறகு நீங்கள் இருவரும் 4-இல் ஒருமுறை சந்திப்பீர்கள், 17-இல் ஒருமுறை. முதலாவது தொடக்கத்திலிருந்து நான்கு கட்டம் தள்ளி, இரண்டாவது முடிவுக்கு நான்கு கட்டம் முன்னால். ஒன்று மற்றொன்றின் பின்னோக்கு என்பதால் சந்திப்புகளும் கண்ணாடியில் பார்த்ததுபோல் விழுகின்றன.

சரி, இப்போது 1-ஐயும் 6-ஐயும் இடம் மாற்றுங்கள்: 3, 6, 1, 2, 5, 4. கீழ் வரியையும் அதற்கேற்பத் திருப்பி எழுதிவிட்டுத் தட்டிப் பாருங்கள். 4-லும் 17-லும் இருந்த சந்திப்புகள் 9-க்கும் 12-க்கும் நகர்ந்து, நடுவில் நெருங்கி நிற்கும். அடுத்து எந்த இரண்டை மாற்றுவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.